ஏற்காட்டில் எவர்சில்வர் டம்ளர் மட்டும் ஏன் அவ்வளவு சில்லென்று இருக்கிறது?

சேலத்துப் பையன்: ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். விடிகாலையில் டம்ளரைத் தொட்டால் விரல் விறைக்கிறது, மரப்பலகை அப்படி இல்லை. ராத்திரி முழுக்க இரண்டும் ஒரே அலமாரியில்தான் கிடந்தன. டம்ளர் மட்டும் எப்படிக் கூடுதலாகக் குளிரும்?

இயற்பியல் வாத்தியார்: குளிரவில்லை தம்பி, இரண்டும் ஒரே வெப்பநிலைதான். விரல் தெர்மாமீட்டர் கிடையாது, தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அது உணரும். எவர்சில்வரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 15 வாட், மரத்துக்கு 0.15 பக்கம், அதனால் மரத்தில் நீ தொட்ட இடம் மட்டும் கதகதப்பாகி வெப்பம் அங்கேயே தேங்கிவிடும், டம்ளரோ வாங்கிய வெப்பத்தை உடனே பரப்பிவிட்டு இன்னும் கேட்கும்.

பாத்திரக்கடை: உலோகங்களில் எவர்சில்வரே மந்தம்தான். செம்பு கிட்டத்தட்ட 400. சில பாத்திரங்களுக்கு அடியில் செம்பு வைப்பது சும்மா அழகுக்கு இல்லை.

சேலத்துப் பையன்: சரி, அப்போ சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டு இரும்புக் கம்பி சுடுவதும் இதேதானா?

இயற்பியல் வாத்தியார்: பாதி இதேதான், வெப்பம் இப்போது கம்பியிலிருந்து கைக்கு வருகிறது. ஆனால் வெயிலில் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும், கறுப்புப் பெயின்ட் அடித்த கம்பி வெள்ளைக் கம்பியைவிட நிஜமாகவே அதிகம் சூடேறும். நிழலில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.