காரின் பெட்ரோல் பம்பை மாற்றிய பிறகு உங்களுக்கு நேர்ந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

திருவான்மியூர் எவோ:
இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்ததைப் பத்து மாதங்களாக யாரிடமும் முழுமையாகச் சொல்லவில்லை. கார் மிட்சுபிஷி எவோ 10, பெரிய டர்போ, பெட்ரோலைப் பீச்சும் 1000 சிசி இன்ஜெக்டர்கள், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு. மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். காரை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓடவிட்டுச் சோதிக்கும் டைனோவில் எந்தக் குறையும் தெரியவில்லை. டிராக்கில் ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதையில், டர்போ தரும் 1.5 பார் கூடுதல் காற்றழுத்தத்தில் (பூஸ்ட்) 6500 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது, 11.5-இல் அசையாமல் நிற்க வேண்டிய ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகித) மீட்டர் 13.8-ஐக் காட்டியது, அதாவது பெட்ரோல் போதவில்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று நினைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க ஒரு நொடி தாமதித்தேன். அந்த நொடிதான் இன்னும் உறுத்துகிறது.

பிட்டுக்கு வந்து, இன்ஜின் ஓடும்போதே அளந்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்பின் கனெக்டரில் 11.2. கம்பெனி போட்ட மெல்லிய வயரிலேயே பெரிய பம்பை ஓடவிட்டது என் சோம்பல், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. இப்போது பேட்டரியிலிருந்து தடித்த வயரும், ஃப்யூஸும், தனி ரிலேவும் போட்டாகிவிட்டது. ஆனால் மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் மட்டும் மற்ற மூன்றையும் விடக் குறைவாகவே இருக்கிறது.

பின்சீட்டுக்கு அடியில்:
டைனோவில் குறை தெரியவில்லை என்பதை ஒரு சான்றாக நண்பர் வைக்க வேண்டாம். டைனோவில் ஓர் ஓட்டம் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் முடிந்துவிடும், எதிரே ராட்சத மின்விசிறி வேறு சுழன்றுகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஐந்து சுற்று ஓடிய வயரின் நிலைமையும் அதுவும் ஒன்றாகாது.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால், டேங்கில் உள்ள பம்பு சற்றே தளர்ந்தாலும், கேம்ஷாஃப்ட் சுழற்றும் உயர் அழுத்த பம்பு பட்டினி கிடக்கும். டேங்கு பம்பை மாற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு பேருந்தை முந்த முயன்றபோது வண்டி பாதியிலேயே மூச்சுவிட மறந்ததுபோல் நின்றது. எதிரே வந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் பின்சீட்டைத் தூக்கி பம்பை வெளியே எடுத்தால், டேங்குக்குள் போட்ட ரப்பர் ஹோஸ் மழையில் ஊறிய செருப்பு வாரைப் போல் உப்பி, கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. பம்பு தள்ளிய பெட்ரோல் பாதி டேங்குக்குள்ளேயே பீச்சியடித்திருக்கிறது. பெட்ரோலில் மூழ்கியே கிடக்கும் ஹோஸ் 30ஆர்10 தரமாக இருக்க வேண்டும்; எனக்கு விற்கப்பட்டது வெளிப்புறத்துக்கான 30ஆர்9. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

செடியா டர்போ:
என் கதை சின்னது. திருவள்ளூரில் உருவான பழைய மிட்சுபிஷி செடியாவுக்கு டர்போ ஏற்றியிருக்கிறேன். டேங்கு கால்வாசிக்கும் கீழே இருந்த ஓர் இரவு, கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சியது. அழுத்த மீட்டர் 3 பாரிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டினேன்.

ஆனால் எவோ நண்பருக்குக் கேட்காமலே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வயர் மட்டும் குற்றவாளி அல்ல. 255 என்பது குறைந்த அழுத்தத்தில் அளந்த கணக்கு. உங்கள் பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டர் பூஸ்டுக்கு ஏற்ப அழுத்தத்தை உயர்த்துமானால், 3 பார் அடிப்படையோடு 1.5 சேர்ந்து பம்பு 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அங்கே அது 255 தராது. 500 குதிரைத்திறனுக்கு டர்போ இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 135 கிலோ, அதாவது 180 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். அதற்கு மேல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது: எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், கலப்பில்லாத பெட்ரோலுக்குப் போட்ட கணக்கில் சுமார் 8 விழுக்காடு கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 80 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்றும் லாகில் (ஓட்டப் பதிவில்) பாருங்கள். பிறகு இன்னொன்று, பெரிய பம்பை எப்போதும் முழு வேகத்தில் ஓட்டினால், கிண்டி நெரிசலில் அரைமணி நேரம் நின்றாலே ரிட்டர்ன் லைன் வழியாகச் சூடான பெட்ரோல் டேங்குக்குத் திரும்பித் திரும்பி வந்து டேங்கையே காய்ச்சிவிடும். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வளைவில் பம்பு காற்றை உறிஞ்சாமல் காக்கும் சிறு துணை டேங்கான சர்ஜ் டேங்கு வைப்பதானால் டிக்கியில் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. வாடை வீட்டுக்குள்ளேயே வரும், வீட்டில் பேச்சும் வரும்.

திருவான்மியூர் எவோ:
கணக்கு சரிதான், செடியா நண்பரே; பழைய லாகை எடுத்துப் பார்த்தேன், இன்ஜெக்டர் டியூட்டி 71-ஐத் தாண்டவில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயின் அழுத்தத்தை அன்று பதிவு செய்யவே இல்லை என்பதால் பம்பின் பங்கு எவ்வளவு, வயரின் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்த சென்சார் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றுகிறோம், மூன்றாவது பிஸ்டனின் படத்தை அன்றே இங்கே போடுகிறேன்.