ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 9 நாள், தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது

ஊட்டிக் குளிர்:
கோயம்புத்தூரில் ஸ்லீவ், அதாவது எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன், செய்துகொண்டு வீடு வந்து ஐந்து நாள் ஆகிறது. இரண்டு வாரம் நீராகாரம் மட்டும், தினம் ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நேற்று எல்லாம் சேர்த்தே 600 மில்லி தாண்டவில்லை. வீடு தலைகுந்தா பக்கம், விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, தாகமே எடுப்பதில்லை. சரி, குடித்துத்தான் பார்ப்போமே என்று இரண்டு மடக்கு விழுங்கினால் நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நிற்கிறது, அப்புறம் எச்சில் நுரை நுரையாக ஊறி எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறது. என்ன செய்ய?

மலைக்காற்று:
கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் வெந்நீரை ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள், பழகிவிடும்.

கொடைக்காரி:
தம்பி, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை, உள்ளே வீக்கம் வேறு இருக்கும், ஒரு டம்ளர் எங்கே போகும்?

அக்கா, எனக்கும் இதே ஆபரேஷன்தான், மதுரையில். வீட்டில் பேரனுக்குப் பாலூட்டிய பாலாடை கிடந்தது, அதில் ஊற்றி ஊற்றித்தான் நான் பிழைத்தேன். இருமல் மருந்து மூடியும் போதும், அளவுக்கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கால் மணிக்கு 30 மில்லி, அதையும் மூன்று நான்கு சிப்பாக. மணிக்கு 120, விழித்திருக்கும் 12 மணி நேரத்துக்கு 1440. கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர், கணக்கு முடிந்தது. குளிரில் தாகத்தை நம்பினால் ஏமாந்துபோவோம், மூச்சுக் காற்றிலேயே எவ்வளவோ நீர் போய்விடும், அதனால் போனில் அலாரம்தான். பச்சைத்தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாக பிளாஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டின பருப்புத் தண்ணீர், நீர்மோர், உப்பு குறைத்த சூப் எல்லாமே கணக்கில் சேரும். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா, கூல்டிரிங்ஸ் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் வரக்காப்பி நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பயமாக இருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறதா? நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் பேசுங்கள்.

ஷிப்ட் நர்ஸ்:
கொடை அக்கா சொன்னது சரி. கூடவே காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நாடி 120 தாண்டுவது, வயிற்றிலோ இடது தோளிலோ விடாத வலி, இதில் ஒன்று இருந்தாலும் போனோடு நிறுத்தாதீர்கள், உடனே கிளம்புங்கள், தையல் கசிவாக இருக்கலாம். வெறும் நீர்க்குறைவு என்றால் ஊட்டியிலேயே டிரிப்ஸ் போட்டுக்கொள்ளலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு. நாள் கணக்கில் வாந்தி நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும், அதையும் மறக்காமல் கேளுங்கள்.

ஊட்டிக் குளிர்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தலை சுற்றத்தான் செய்தது. போன் செய்தேன், இங்கேயே இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறியது, வாந்தி மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள். பாலாடை கிடைக்கவில்லை, மருந்து மூடிதான். நேற்று 1150. நிறமும் வெளுத்துவிட்டது. காலையில்தான் இறுக்கம், பதினொரு மணிக்கு மேல் சுலபமாக இறங்குகிறது. இன்னொரு சந்தேகம், புரோட்டீன் பவுடரை வெந்நீரில் கலந்தால் திரிதிரியாகப் போகிறதே?

கொடைக்காரி:
சூடு அதிகம் அக்கா, முட்டை வெந்த மாதிரிதான். ஆறின தண்ணீரில் கொஞ்சமாகக் குழைத்துவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பானதைச் சேருங்கள்.