பின்கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், இரண்டாவது மாடியில் அறுபது பேர். படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி, பின்கதவில் திண்டுக்கல் பூட்டு, கேட்டால் துணி திருட்டுப் போகுமாம். ஆடிட் வரும் அன்று மட்டும் எல்லாம் மாயமாகிவிடும். தீ ஒத்திகையை எப்படி ஆரம்பிப்பது?

பதில் 1:
ஒத்திகை அப்புறம், முதலில் பூட்டு. 1911-ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையிலும் இதே திருட்டுப் பயத்தில்தான் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், தீப்பிடித்தபோது 146 பேர் செத்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் பேனிக் பார் (கதவின் குறுக்கே இருக்கும் தள்ளுகம்பி) போடச் சொல்லுங்கள், திருட்டுப் பயம் இருந்தால் கூடவே ஓர் அலாரம்.

பதில் 2:
மெயின் சுவிட்சை யார் அணைப்பது, கழிவறையில் யாராவது இருக்கிறார்களா என்று யார் பார்ப்பது என்று ஆள் பெயரோடு எழுதி ஒட்டுங்கள். லிஃப்ட் கூடவே கூடாது. வருகைப் பதிவேட்டோடு கீழே வந்து தலை எண்ணவும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் யூனிட்டில் முதல் ஒத்திகையில் மூன்று பேரைக் காணோம், பதறித் தேடினால் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்கள்!

கேட்டவர்:
சரி, நாளைக்கே பெட்டிகளை நகர்த்துகிறேன். பூட்டுக்கு முதலாளியிடம் பேச வேண்டும்.