உள்ளங்கையில் மூணு கிராம்

ஹூஸ்டன் அக்கா:
போன செப்டம்பர், டெக்சாஸ் கடலோர ஊர் ராக்போர்ட். சர்க்கரைத் தண்ணி ஃபீடரைச் சுத்திக் கூண்டு, ஹம்மிங்பேர்டு உள்ளே வந்ததும் கதவு விழும், அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதோட கால்ல நம்பர் வளையம் மாட்டின அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும். மாட்டி முடிச்சு, ஸ்ட்ராவால வயித்துல ஊதினாங்க. இறகு விலகினா கொழுப்பு மஞ்சளாத் தெரியணும். அதை எரிச்சுத்தானே மெக்சிகோ வளைகுடாவை, 800 கிலோமீட்டர், நிக்காமத் தாண்டணும்? இதுக்கு மஞ்சளே இல்லை, வெறும் தோல். அவங்க ஒண்ணும் சொல்லலை. நோட்டுல எழுதினாங்க, அலகைச் சர்க்கரைத் தண்ணியில வெச்சாங்க, அப்புறம் என் உள்ளங்கையில விட்டாங்க. எடையே தெரியலை. பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் ஓடும்போது நம்ம சுவர் அதிருமே, அப்படி ஓர் அதிர்வு மட்டும். விர்ருனு போயிடுச்சு. வளைய நம்பரையாவது கேட்டிருக்கலாம்.

ஜெர்சி ரவி:
மூணு கிராம் உசிரைப் பிடிச்சு ஊதிப் பார்க்கிறது ஆராய்ச்சியா? எங்க வீட்டுத் தேன்சிட்டை நான் தூர நின்னுதான் பார்க்கிறேன்.

வேதாரண்யத்தான்:
ரவி சார், முதல்ல அது தேன்சிட்டு இல்லை. தேன்சிட்டு நம்மூர்ப் பறவை, அதுக்கும் இதுக்கும் உறவே கிடையாது. ரெண்டாவது, ஃப்ளோரிடா டல்லஹாசியில 2010 ஜனவரியில வளையம் போட்ட ரூஃபஸ் வகை ஹம்மிங்பேர்டு ஒண்ணு அந்த ஜூன்லயே அலாஸ்காவுல மாட்டுச்சு. 5,600 கிலோமீட்டருக்கு மேல. வளையம் இல்லேன்னா அதே பறவைதான்னு யார் சொல்றது? சின்ன வயசுல கோடியக்கரை உப்பளத்துல வளையம் போடறவங்களுக்குத் துணிப்பை தூக்கியிருக்கேன். ஒரு ராத்திரி வலையில வந்த கொசு உள்ளான்ங்கிற குட்டிக் கரைப்பறவை கால்ல ஏற்கெனவே வளையம். வளையம் போடற சார் டார்ச் அடிச்சு நம்பர் படிச்சார், ரிஜிஸ்டரைப் புரட்டினார். மூணு வருஷம் முன்னாடி அதே உப்பளத்துல போட்டது. சைபீரியா வரைக்கும் போய் முட்டையிட்டுட்டு எங்க ஊர்ச் சேத்துக்கே திரும்பி வந்திருக்கு. அன்னிக்கு யாரும் தூங்கலை.

டாலஸ் தம்பி:
வளையம் பத்தித் தெரியாது. எங்க மாமனார் ஃபீடர்ல பனங்கற்கண்டு கரைச்சு வெச்சார், எறும்புதான் வந்துச்சு. அதனால சொல்றேன்: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. தேன், நாட்டுச் சர்க்கரை, சிவப்புக் கலர் எதுவும் வேண்டாம். வெயில் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டிக் கழுவுங்க, சோப்புத் தங்கக்கூடாது. குளிர் வந்ததும் ஃபீடரை எடுத்தாத்தான் பறவை கிளம்பும்னு சொல்வாங்க, நம்பாதீங்க. பகல் சுருங்கினா அது தானாக் கிளம்பும். கடைசியா வர்றதுக்குப் பசிக்கும், தொங்கவே விடுங்க.

ஹூஸ்டன் அக்கா:
நாலு வருஷமா ஃபீடர் வெச்சிருக்கேன் தம்பி. நான் புலம்பினது அந்த நம்பருக்கு.