கிரீப் – ஊர்வா, வளர்நீட்சியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாறாத பாரத்தின் கீழ் ஒரு பொருள் நேரம் செல்லச் செல்ல மெல்ல நீள்வதை ஆங்கிலத்தில் கிரீப் (creep) என்கிறோம். அதற்குத் தமிழில் 'ஊர்வு' போதும் என்று நம் கலைச்சொல் குழுவின் முந்தைய மடலில் படித்தேன். நெசவு நூலைப் பற்றி எழுதும்போது எனக்கு அது உறுத்துகிறது. ஊர்வது ஓரிடம் விட்டு ஓரிடம் போவது. நூல் எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே நீள்கிறது.

ஒரு நைலான் நூலை ஆணியில் கட்டி, கீழ்முனையில் எடையைத் தொங்கவிட்டு, எடை நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடை கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். மறுநாள் காலையில் இன்னும் சற்றுக் கீழே. எடை கூடவில்லை, நீளம் மட்டும் கூடியிருக்கிறது. எடையை எடுத்தால் நூல் சட்டென்று கொஞ்சம் சுருங்கும், பிறகு மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம். பட்டு நூலில் இந்தத் தாமதத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வேபர் 1835இலேயே எழுதிவைத்தார். பாரம் மிகுந்திருந்தால் ஒரு பகுதி திரும்பவே திரும்பாது.

கிரீப்புக்கு நான் முன்வைக்கும் சொல் வளர்நீட்சி. வளர்பிறை போல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் நீட்சி என மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

வளர்பிறைக்குத் தேய்பிறை உண்டல்லவா? நூலை இழுத்து இரு முனைகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால் நீளம் மாறாது, உள்ளிருக்கும் தகைவு, அதாவது இழுப்புக்கு எதிராக உள்ளே எழும் விசை, குறைந்துகொண்டே போகும். அது தேய்தகைவு. இரண்டிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒழுங்கின்றிக் கிடக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகள் சிறிது சிறிதாக வழுக்குகின்றன, இடையிலுள்ள பிணைப்புகள் அறுந்து வேறிடத்தில் மீண்டும் பிணைகின்றன. ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்பதை இந்த இணைச்சொற்களே மாணவருக்குச் சொல்லிவிடும்.

துணி தேய்வது என்றால் உராய்ந்து நைவது, குழப்பம் வரும் என்பது நியாயமான மறுப்பு. 'தகைவுத் தளர்வு' என்றே இருக்கட்டும் என்று குழு முடிவுசெய்தால் ஏற்பேன். வளர்நீட்சியை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கிரீப்புக்கு 'நீடுநீட்சி' என்ற பரிந்துரையும் வந்தது, அது என்னை வெகுநேரம் கட்டிப்போட்டது. காலத்துக்கு நீடு, அளவுக்கு நீள். ஒலியும் பொருளும் எவ்வளவு நெருக்கம்! ஆனால் படிப்பவர் அதை நிலைத்துவிட்ட நீட்சி என்றே கொள்வார். திரும்பாமல் தங்கும் அந்தப் பகுதிக்குத் தனிச்சொல் வேண்டும்: எஞ்சுநீட்சி. தாமதித்துத் திரும்புவது பின்மீட்சி.

பேண்ட்டின் முழங்காலைப் பாருங்கள். நாள் முழுதும் உட்கார்ந்து எழுந்தபின் அங்கே துணி புடைத்து நிற்கிறது. இரவில் கழற்றி வைத்தால் காலைக்குள் ஓரளவு தணிகிறது, அது பின்மீட்சி. ஆனால் தணியாத புடைப்பு முழுவதையும் இழையின் தலையில் சுமத்த முடியாது. துணிக்குள் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, உராய்வினால் அங்கேயே நின்றுவிடுகின்றன. பின்னல் துணியில் கண்ணிகளின் வடிவமே மாறிவிடுகிறது. இப்படி நழுவி நின்றுவிடுவதற்கு 'நழுவுநீட்சி' பொருந்துமா? பின்னல் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.