மனசை விட்டுப் போகாத இருட்டுப் படங்கள்: பார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொட்டகலை மழை

ஒப நத்துவா ஒப எக்கா என்ற சிங்களப் படம். இயக்கம் பிரசன்ன விதானகே, 2012. பார்த்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: இலங்கை மலையகத்து டவுன் ஒன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவர், வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் தமிழ்ப் பெண் செல்வி, கல்யாணம். அவர் முன்னாள் சிப்பாய் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. மூலக்கதை தஸ்தயேவ்ஸ்கியுடையது. பிரான்சில் பிரெஸ்ஸோன் 1969-இல் எடுத்தார், இந்தியாவில் மணி கவுல் எடுத்தார். நம்ம பனிமூட்டத்துக்குள் கொண்டுவந்தவர் விதானகே. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு அந்த வருஷம் கோவா விழாவில் சிறந்த நடிகை விருது.

எனக்கு அந்தக் காதலைவிட அந்தக் கடைதான் நிற்கிறது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். செல்வி நகையோடு நிற்பதைப் பார்த்ததும் "வட்டி எவ்வளவாம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்புறம் படம் முடியும்வரை அம்மாவின் கை காதுத் தோட்டிலேயே இருந்தது. அது எத்தனை தடவை கடைக்குப் போய் வந்த தோடு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மாதிரி சிரிப்பில்லாத, அவசரமில்லாத, தியேட்டர் பக்கமே வராத படம் ஏதாவது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறதா? முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.

பீலிக்கரை

தி நேக்கட் ஐலண்ட். கனேட்டோ ஷிண்டோ, ஜப்பான், 1960. தண்ணீரே இல்லாத குட்டித் தீவு. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துத் தீவிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு, மேடு ஏறி, செடி செடியாக ஊற்றுகிறார்கள். இறங்குகிறார்கள். மறுபடி ஏறுகிறார்கள். பேச்சே கிடையாது.

என் அப்பாயி காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். போனில் நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து படுத்தவர், எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் சொன்னது, "காலைச் சரியா வைக்கிறா." வேலை வாங்கும் கங்காணியின் குரல். ஒரு இடத்தில் அந்தப் பெண் தடுமாறி வாளி கவிழும். புருஷன் அறைவான். நான் திடுக்கிட்டேன், அப்பாயி திடுக்கிடவில்லை. "நமக்கு நெறை கொறஞ்சா அரைப்பேரு. அவளுக்குத் தண்ணி கொட்டுனா அடி" என்றார். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

கடைசியில் (மன்னிக்கவும், கொட்டகலை, இதைச் சொல்லாமல் என் கதை இல்லை) மகனைப் பறிகொடுத்த அவள் சுமந்து வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நட்ட செடியைப் பிடுங்கி எறிகிறாள். அப்பாயி அந்த நேரம் சொன்னது ஒரே சொல்: "பிடுங்கட்டும்." இவ்வளவு ஆத்திரம் அவருக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. யார் மேல் என்று கேட்டேன். வெற்றிலை எடுக்கப் போய்விட்டார்.

நோர்வூட் நைட் ஷிப்ட்

பகல் முழுக்க மழையில் நனைந்துவிட்டு ராத்திரி வந்து ஜப்பான்காரன் தண்ணீர் தூக்குவதையும் பார்க்க வேண்டுமா? நல்லா இருக்கு.

சரி, என் பங்குக்கு ஒன்று. பரதேசி, பாலா, 2013. தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் அடைந்து உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். தேயிலைத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட கதாநாயகன், இனித் தப்பிக்க வழியில்லை என்று அழுதுகொண்டிருக்கும்போது அவன் பெண்டாட்டி பிள்ளையோடு அதே தோட்டத்துக்கே வந்து சேர்கிறாளே, அந்த இடம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்க சித்தப்பா எழுந்து டிவியை நிறுத்திவிட்டார். நம்ம கதையை நம்ம ஆட்களுக்குச் சொன்ன ஒரே படம் அது. இதை விட்டுவிட்டு ஜப்பான் எதற்கு?

கணக்கப்பிள்ளை பேத்தி

நோர்வூட் அண்ணா, அது நம்ம கதை இல்லை. ரெட் டீ என்ற ஆங்கில நாவல், 1969. எழுதிய பி. எச். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். இரா. முருகவேள் அதை எரியும் பனிக்காடு என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலா எடுத்தது அதைத்தான். நம் ஆட்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்தவர்கள். முதலில் வந்தது கோப்பிக்கு. 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை. கங்காணி, கடன் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1948-இல் ஒரே சட்டத்தில் குடியுரிமை பறிபோன கதையும், 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பிரித்துக்கொண்ட கதையும் வால்பாறைக்கு எங்கே இருக்கிறது? இந்தியாவில் எடுத்த தேயிலைப் படத்தை எல்லாம் நம்முடையது என்று சொல்லிக்கொண்டிருந்தால் நம்முடையதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்த டாக்டர் காட்சிகளைப் பற்றியும் பேச வேண்டும். தோட்டத்தில் நோய் வந்து ஆட்கள் கொத்துக்கொத்தாக விழுகிறார்கள், அங்கே வரும் டாக்டர் பாட்டும் ஆட்டமுமாக மதம் மாற்றுகிறார். மூல நாவலை எழுதியவரே ஒரு தோட்டத்து டாக்டர் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கோபம் வரும். கண்டியில் ஹாஸ்டலில் பார்த்தபோது அந்தப் பாட்டு வந்ததும் பக்கத்து ரூம் தோழி எழுந்து போனாள். கிறிஸ்தவப் பிள்ளை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனதுதான் என்னை உறுத்துகிறது. மறுநாள் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

பேராதனைப் பழசு

சண்டை போடுங்கள், நடுவில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். தி டுரின் ஹார்ஸ், பேலா தார், 2011. கேம்பஸில் புரொஜெக்டர் வைத்துப் போட்டோம். இரண்டரை மணி நேரப் படத்தில் மொத்தமே முப்பது ஷாட். ஒரு கை விளங்காத கிழவர், அவர் மகள், நகர மறுக்கும் குதிரை, ஓயாத காற்று. தினமும் ஆளுக்கு ஒரு அவித்த உருளைக்கிழங்கு. கிணறு வற்றுகிறது. விளக்கில் எண்ணெய் இருந்தும் எரியமாட்டேன் என்கிறது.

முதல் கிழங்குக்கே பாதிப் பேர் போய்விட்டார்கள். அடுத்த கிழங்குக்கு மீதிப் பாதி. காற்றுச் சத்தம் மட்டும் ஹாலை நிறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நான், போட்ட தம்பி, பின்வரிசையில் செக்யூரிட்டி ஐயா. குருநாகல் பக்கத்துக்காரர். கதவைப் பூட்டக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். படம் இருட்டில் முடியும், தெரியும்தானே. வெள்ளை எழுத்து வந்ததும் அவர் சிங்களத்தில் கேட்டார்: "முடிஞ்சிடுச்சா? கரண்ட் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

சிரித்துவிட்டோம். பூட்டும்போது அவர் மறுபடி கேட்டார், அந்தக் குதிரை ஏன் தின்னவில்லை என்று. தார் எந்தக் காரணமும் சொல்லவில்லை என்றேன். "மாடு அப்படி நிற்கும். சாகப்போகிற மாடு" என்றார். நான் வாசித்த விமர்சனங்கள் எல்லாம், படத் தொடக்கத்தில் பேர் வரும் தத்துவஞானி நீட்ஷேயிலேயே நின்றன. மாடு வளர்த்த ஆள் குதிரையைப் பார்த்தார்.

படப்பெட்டி

என் படம் புரஹந்த களுவர, 1997, இதுவும் விதானகே. பார்வையில்லாத அப்பா, போரில் போன மகன், சீல் வைத்து வந்த சவப்பெட்டி. அந்தப் பெட்டியைத் தோண்டி எடுக்கும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தாரில் தொடங்காதீர்கள். அது பழக்கமில்லாத ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் சிவனொளிபாத மலையை மழைக்காலத்தில் ஏறச் சொல்வது. புரஹந்த களுவர ஒன்றேகால் மணி நேரம்தான், அதில் தொடங்குங்கள். 2000-இல் நம்ம நாட்டிலேயே தடை போட்டார்கள், உயர் நீதிமன்றம் போய்த்தான் அடுத்த வருஷம் வெளியே வந்தது. ஜோ அபேவிக்ரம நடிப்புக்காகவே பார்க்கலாம். அடுத்து நிதானய, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். புதையலுக்காக, கழுத்தில் நாலு மச்சம் உள்ள பெண்ணைத் தேடிக் கல்யாணம் செய்கிறவன் கதை. 1997-இல் சிங்கள சினிமாவின் ஐம்பது வருஷத்தில் மிகச் சிறந்த படமாகத் தேர்வானது. ஒளிப்பதிவு எம். எஸ். ஆனந்தன். பழைய தேய்ந்த பிரதியில் பார்க்காதீர்கள், 2013-இல் வெனிஸில் காட்டிய புதுப்பித்த பிரதி இருக்கிறது, கறுப்பு அதில்தான் கறுப்பாக இருக்கும்.

போனில் பார்ப்பதாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், அறை விளக்கை அணையுங்கள். இருட்டுக் காட்சியில் உங்கள் மூஞ்சிதான் தெரியும். ஹெட்செட் கட்டாயம். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிங்களம் நமக்குக் காதாலேயே புரியும், அது யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் இல்லாத வசதி, ஆகவே சப்டைட்டிலை மறைத்துவிட்டு முகங்களைப் பாருங்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த பொன்மணி (1977), அசோக ஹந்தகம எடுத்த இனி அவன் (2012). இரண்டாவதில் நடித்தவர் தர்ஷன் தர்மராஜ். 2022-இல் இறந்துபோய்விட்டார், இன்னும் நம்ப முடியவில்லை. முக்கியமாக, விருந்தாளி இருக்கும்போது பார்க்காதீர்கள்.

ஏழு பேர்ச்

படப்பெட்டி சேர், யாரும் இதெல்லாம் கேட்கவில்லையே. தகரத்தில் மழை பெய்யாத நாளுக்குக் காத்திருந்தால் நாங்கள் தை மாதம்தான் படம் பார்க்கலாம்.

என்னுடையது மேற்குத் தொடர்ச்சி மலை, லெனின் பாரதி, 2018. ஏலக்காய்த் தோட்டத்துக்குச் சுமை தூக்கும் ரங்கசாமிக்குக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. மூட்டை உருண்டு பள்ளத்தில் போகும், அதோடு அந்தக் காசும் போகும். எப்படியோ வாங்குகிறான், அதுவும் கையை விட்டுப் போகிறது. கடைசியில் அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தன் பழைய நிலத்திலேயே காற்றாலைக்கு வாட்ச்மேன். கேமரா மேலே மேலே போகிறது, அவன் சின்னதாகிக்கொண்டே இருக்கிறான்.

எங்க அப்பாவும் வாட்ச்சர்தான். அவர் தாத்தா கன்று நட்ட மலைக்கே ராத்திரிக் காவல். வீட்டுக்கு என்று ஏழு பேர்ச் நிலம் தருவதாகச் சொல்லி அளந்துவிட்டுப் போனார்கள், உறுதிப்பத்திரம் இன்னும் வரவில்லை. படம் ஓடியபோது அவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டோர்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரையைப் பார்த்தவர், "நாற்காலி குடுத்திருக்கான் பாரு" என்றார். ரங்கசாமி உட்கார்ந்திருப்பதைத்தான் சொன்னார்.

கணக்கப்பிள்ளை பேத்தி அக்கா, இதுவும் இந்தியப் படம்தான். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எல்ல டிரைவர்

பாரடைஸ், 2023, மறுபடியும் விதானகே. பூசான் பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது. கொட்டகலை சொன்ன அடகுக்கடைக்காரரும் இதில் டிரைவராக வரும் ஆண்ட்ரூவும் ஒரே நடிகர், ஷ்யாம் பெர்னாண்டோ.

நான் வெள்ளைக்காரர்களையும் இந்தியாக்காரர்களையும் ஏற்றுகிறவன். சீதா எலிய கோயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, ராவணன் கதை சொல்லிப் பிழைப்பு. ஆகவே 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் கேரளாத் தம்பதி ராமாயண டூர் வரும் இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. எரிபொருள் வரிசையில் ராத்திரி முழுக்க வண்டிக்குள் கிடந்திருக்கிறேன்.

லேப்டாப் திருட்டுப் போகிறது. பொலிஸ் மூன்று தோட்டத்துப் பையன்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இவங்கதானா? கணவன் பார்க்கிறான். அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் லேப்டாப் வேண்டும். ஆமாம் என்கிறான். அந்தப் பையன்களில் ஒருத்தன் உயிரோடு திரும்பவில்லை. நான் தேடித் தேடி வாசித்த விமர்சனம் எல்லாம் அந்தக் கணவன் மனைவிக்குள் என்ன விரிசல் என்றே எழுதின. சரி, படத்தின் நடு அதுதான். ஆனால் ஒரு "ஆமாம்" சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நேரமே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டியில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டு "பொலிஸுக்குப் போகலாமா" என்று கேட்டால், முதலில் சீட்டுக்கு அடியில் நான் இறங்கித் தேடுகிறேன்.

நோர்வூட் நைட் ஷிப்ட்

எல்ல அண்ணன் சொன்னது பிடித்தது, தேடிப் பார்க்கிறேன்.

தங்கச்சி, வால்பாறை என்றே வைத்துக்கொள்வோம். அந்த டாக்டர் பாட்டு எனக்கும் பிடிக்கவில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் 1948-ஐ யார் படமாக எடுத்திருக்கிறார்கள்? பேர் சொல்லுங்கள். இல்லாத படத்துக்காக இருக்கிற படத்தை ஒதுக்கச் சொல்கிறீர்கள். தோட்டத்தை வைத்து வி. பி. கணேசன் 1975-இல் புதிய காற்று எடுத்தார். அப்பா காலத்து ஆட்கள் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பெட்ரோல் என் செலவு.

கணக்கப்பிள்ளை பேத்தி

ஒதுக்கச் சொல்லவில்லை அண்ணா, நம்முடையது என்று சொல்லாதீர்கள் என்றேன். புதிய காற்று பிரதி கிடைத்தால் எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.

கொட்டகலை மழை

முடிவைச் சொல்லாதீர்கள் என்றேன், மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். பீலிக்கரை, அந்த ஜப்பான் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று பார்க்கிறேன். தமிழ் சப்டைட்டில் எங்கே கிடைக்கும்?

பீலிக்கரை

பேச்சே இல்லாத படம் என்று எழுதியிருக்கிறேனே அக்கா.