அம்மா சொல்லும் பழச்சாறு உபவாசமும் என் தன்பாலீர்ப்பும்: இரண்டையும் எப்படிப் பிரித்துப் பேசுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் மதுரை. சென்னையில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். வயது முப்பதைக் கடந்துவிட்டது. நான் தன்பாலீர்ப்பாளன் என்பதைச் சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெற்றோரிடம் சொன்னேன். அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரயில் டிக்கெட், வீட்டு வரி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பற்றி மட்டும் வழக்கம்போல் பேசுகிறார். அம்மா பல வாரங்கள் அழுதார். "யாராவது உன்னைக் கெடுத்துவிட்டார்களா" என்று முதலில் கேட்டவர், இப்போது "உன்னோடு இருக்கும் அந்தப் பையன் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்" என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறார். இதை நான் பெரிய மாற்றமாகவே மதிக்கிறேன்.

இந்த நிலையில் பெரியம்மா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அவர் அவ்வப்போது போய்வரும் இயற்கை மருத்துவ முகாம் ஒன்றில், ஒரு வாரம் வெறும் பழச்சாறும் காய்கறிச் சாறும் குடித்து உபவாசம் இருந்தால் உடலின் கழிவுகள் நீங்கி, சூடு தணிந்து, "வேண்டாத எண்ணங்களும்" அடங்கிவிடும் என்று சொன்னார்களாம். நீயும் நானும் சேர்ந்தே இருப்போம், எனக்கும் சர்க்கரை குறையும் என்று அம்மா தொலைபேசியில் கெஞ்சுகிறார்.

பழச்சாறு உபவாசத்தின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. நெஞ்செரிச்சலும் உடல் எடையும் கூடிவிட்டதால், அலுவலக நண்பர்கள் பாட்டில் பாட்டிலாக வரவழைத்துக் குடிக்கும் ஜூஸ் டயட்டை நானும் முயன்று பார்க்கலாம் என்று சில மாதங்களாகவே நினைத்திருந்தேன். ஆனால் இப்போது ஒப்புக்கொண்டால், எட்டாம் நாள் காலையில் நான் மாறிவிட்டேனா என்று அம்மா என் முகத்தைப் பார்ப்பார். மறுத்தால், சிரமப்பட்டு அவர் திறந்த கதவு மூடிக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக் காலத்திலிருந்தே என் உடலில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்ற நினைப்போடுதான் வளர்ந்தேன். கழிவு நீக்கம் என்ற விளம்பரம் என்னை ஈர்ப்பது உடல்நலத்துக்காகவா, அந்தப் பழைய நினைப்பினாலா என்பது எனக்கே விளங்கவில்லை.

அம்மா சர்க்கரைக்கு இரண்டு மாத்திரைகளும் இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் சாப்பிடுகிறார். மருத்துவம் அறிந்தவர்களும், இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொருநை உணவியலாளர்:

அம்மாவின் மாத்திரைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் எழுதியவற்றில் உயிருக்கு ஆபத்தானது அதுதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்பவை. சாறு குடித்தவுடன் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறும். வயிற்றில் வேறு உணவு இல்லாததால் சில மணி நேரத்தில் அபாயமான அளவுக்கு இறங்கவும் கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். முகாம்களில் சிலர் இவற்றைக் "கழிவு வெளியேறும் அறிகுறி" என்று விளக்கம் சொல்லி நோயாளியைப் படுக்க வைத்துவிடுகிறார்கள் என்பதே என் பெரிய கவலை. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையாக இருந்தால் ஆபத்து வேறு மாதிரியானது: உணவு மிகவும் குறையும்போது சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே, கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலமாகலாம், வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் அது தெரியாது. டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை. காய்கறிச் சாறுகளிலோ பொட்டாசியம் மிகுதி. ஆகவே மாத்திரை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் அம்மா ஒரு நாள்கூட இதில் இறங்கக் கூடாது.

உங்களைப் பொறுத்தவரை, நலமாக உள்ள ஒருவர் ஓரிரு நாள் சாறு மட்டும் குடிப்பதால் பொதுவாகப் பெருந்தீங்கு வருவதில்லை. சொல்லப்படும் நன்மைக்கும் ஆதாரம் இல்லை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன, கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி அனுப்புகிறது. இந்த வேலையைப் பீட்ரூட் சாறு விரைவுபடுத்துவதாக யாரும் நிறுவவில்லை. முதல் சில நாட்களில் குறையும் எடையில் பெரும்பகுதி, தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு பிணைந்த நீருமே. சோறு சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும், சாறுகளில் அதில் சிறு பங்கே கிடைக்கும். நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. பழச்சாற்றின் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது, முழுப் பழத்தில் உள்ளதை அப்படிச் சேர்ப்பதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் சாற்றைவிட முழுப் பழத்தையே பரிந்துரைக்கிறது.

முகாம்களில் விரும்பித் தரும் சுரைக்காய்ச் சாற்றைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். கசக்கும் சுரைக்காயின் சாறு கடும் வாந்தியையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கும். நம் நாட்டில் உயிரிழப்புகள் நேர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று எச்சரிக்கை வெளியிட்டது. கசந்தால் ஒரு மிடறோடு துப்பிவிட வேண்டும். பச்சைக் கீரைச் சாற்றைத் தொடர்ந்து அதிகமாகக் குடித்துச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் என்ற உப்பு படிந்தவர்களும் இருக்கிறார்கள்.

உடலில் அழுக்கு இருக்கிறது என்ற நினைப்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். உணவுக் கோளாறுகளும் உடல் தோற்றம் குறித்த வேதனையும் மற்ற ஆண்களைவிடத் தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடம் அதிகம் என்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. அந்த நினைப்பு உள்ளே இருக்கும்போது உணவை விலக்கும் எந்த முறையையும் தொடங்க வேண்டாம் என்பதே என் தொழில்முறைக் கருத்து.

கெடிலம்:

நான் வழக்குரைஞர், நானும் தன்பாலீர்ப்பாளன். பெரியம்மா சொன்ன காரணத்துக்காக ஒரு குவளைகூடக் குடிக்காதீர்கள். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே மாதத்திலேயே நீக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து நம்மை விடுவித்தது. அதைவிட உங்கள் ஊருக்கு நெருக்கமானது சுஷ்மா வழக்கு. ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் மனுவில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னர், 2021 ஜூன் 7 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு அதில் தடை விதித்தார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எண்ணங்கள் அடங்கும் என்று சொல்லிச் சாறு கொடுக்கும் முகாமும் செய்ய முயல்வது இதைத்தான்.

இன்று உபவாசத்துக்கு இணங்கினால் அடுத்து பரிகாரம், அதன் பின் பெண் பார்க்கும் படலம் என்று நீளும். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இப்படி நீண்டு கல்யாண மண்டபம் வரை போய், ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துச் சிதைத்த குடும்பங்களின் வழக்குகள் என்னிடம் வந்திருக்கின்றன.

உறையூர் அம்மா:

தம்பி, என் மகள் தன் தோழியோடு பெங்களூரில் குடித்தனம் நடத்துகிறாள். சட்டத்தைப் பற்றிக் கெடிலம் தம்பி எழுதியது அனைத்தும் சரி. உங்கள் அம்மாவைப் பற்றி அவர் முடிவுகட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளை இப்படி ஒரு செய்தியைச் சொன்ன பிறகு, தாய்க்குக் கை சும்மா இருக்காது. ஏதாவது அரைத்து, பிழிந்து, கரைத்துக் கொடுக்க வேண்டும் போல் இருக்கும். அந்தப் பையன் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேட்கும் தாய் பாதி வழியைக் கடந்துவிட்டார். தனக்குப் பின் என் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எனக்கும் அதே பயம் இருந்தது. காய்ச்சலில் கிடந்த என் மகளுக்கு அந்தப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்ததைப் பார்த்த பிறகே அது அடங்கியது.

ஆகவே அவரோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், உபவாசத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "அம்மா, நான் பிறந்ததே இப்படித்தான், எதைக் குடித்தாலும் இது மாறாது, மாற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை" என்பதை முதலில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் எதைச் செய்தாலும் அவர் மனத்தில் எதிர்பார்ப்பு வளரும். பிறகு சென்னைக்கு அழைத்து உங்கள் இருவரோடும் தங்க வையுங்கள்.

பெரியம்மா வகையினர் குடும்பம் என்றால் கல்யாணம்தான் என்பார்கள். 2025 மே மாதம் நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அளித்த தீர்ப்பில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அன்று என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உறவினர் கேட்கும்போது எடுத்துப் படிக்கிறேன். தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோருக்காகச் சென்னையிலிருந்து இயங்கும் ஓரினம் குழுவினர் பெற்றோருக்கென்று தமிழில் எழுதியவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். அப்பாவை அவசரப்படுத்த வேண்டாம். என் கணவரும் நீண்ட காலம் கேஸ் சிலிண்டரைப் பற்றியே பேசினார்.

வைகைக்கரை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உறையூர் அம்மா சொன்ன வாக்கியத்தை நேற்றிரவு அம்மாவிடம் ஏறத்தாழ அப்படியே சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். மாத்திரைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லலாமே என்றேன். அந்தக் காரணம் உனக்குப் பொருந்தாதே என்றார் அம்மா. அந்தப் பதிலை இருவரும் சேர்ந்து யோசிப்பது என்று விட்டிருக்கிறோம். மாத்திரைச் சீட்டில் உணவியலாளர் குறிப்பிட்ட கிளிமிபிரைடு இருக்கிறது. முகாமுக்குப் போவதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். சென்னைக்கு வருவதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நெஞ்செரிச்சலுக்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொருநை உணவியலாளர்:

வெறும் வயிற்றில் ஆரஞ்சு, எலுமிச்சை, தக்காளிச் சாறுகள் நெஞ்செரிச்சலைக் கூட்டவே செய்யும். இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காபியின் அளவைக் குறைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பாருங்கள். சில வாரங்களில் குறையாவிட்டாலோ, விழுங்குவதில் சிரமம் இருந்தாலோ, மலம் கருமையாகப் போனாலோ, தாமதிக்காமல் இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள்.